தேறல்

முப்பத்தொன்பது வயதில்
மூக்கைப் பள்ளிக்கு அனுப்பினேன்.

வால்டிவியாவில் மழை விட்ட நாட்களை
ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.
நான் கழுவிய பீர் பீப்பாய்களை எண்ண
ஊரே கூடி விரல் நீட்ட வேண்டும்.
காரநீர் ஆவி, முழங்கை வரை நீலக் கையுறை,
ஆற்றங்கரை மீன்சந்தையில்
கடற்சிங்கங்கள் ஏப்பமிடும் ஓசை.

சான்றிதழ் இருந்தால் தொட்டியறைக்கு மாற்றலாம்
என்றார் வடிப்பாளர் லௌதாரோ கிளெம்பாவ்.
குடிக்கிறதுக்கும் பரீட்சையா,
எனக்கு நேரே டாக்டர் பட்டம் கொடுக்கச் சொல்
என்றான் என் கணவன் எவாரிஸ்தோ.

சின்னச் சின்னக் குப்பிகள்.
விலை, அரைமாதச் சம்பளம்.
குப்பிக்கு ஒரு குற்றம்.
வெண்ணெய் மணந்தால்
வேலை முடியுமுன் ஈஸ்ட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
பச்சை ஆப்பிள் என்றால் இன்னும் இளசு.
வெந்த மக்காச்சோளத்துக்குக் கொதி போதவில்லை.
நனைந்த அட்டைப்பெட்டி மட்டும்
எனக்குப் பிடிபடவே இல்லை;
இந்த ஊரில்
எந்த அட்டைதான் நனையவில்லை?

ஆறு மாதம் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை.
சூப்பில் பூண்டு கருகியதை
வாசலில் நின்றே சொன்னேன்.
எவாரிஸ்தோவின் சட்டையில்
அவன் விட்டுவிட்டதாகச் சொன்ன சிகரெட்.
என்னை மோந்து பார்க்காதே அம்மா
என்று கதவைச் சாத்தினாள் மில்லாராய்.

சாண்டியாகோவுக்குப் பதினோரு மணிநேரம் பஸ்.
ஓட்டல் நிலவறை, ஆறு கோப்பைகள்,
காபி கூடாது, சென்ட் கூடாது,
பக்கத்து மேசைக்காரர்
பயத்தில் வியர்ப்பது மட்டும் தடுக்கப்படவில்லை.
ஐந்து கோப்பைகள் தாமாகவே ஒப்புக்கொண்டன.
ஆறாவது வாயே திறக்கவில்லை.
மோந்தேன். சுழற்றி மோந்தேன்.
கையால் மூடிவைத்துத் திறந்து மோந்தேன்.
கடைசி நிமிடத்தில்
நனைந்த அட்டை என்று எழுதினேன்.

ஆறாவதில் எதுவும் கலக்கவில்லை
என்று வந்தது கடிதம்.
மூக்கறுபடுவது என்றால் என்ன என்று
அன்றைக்குத்தான் எழுத்துக்கு எழுத்துப் புரிந்தது.
கோப்பையில் இருந்தது தெளிந்த தேறல்.
தேறாதவள் நான்.

மறுவருடம், அதே நிலவறை.
இம்முறை மூன்றாவது கோப்பை மௌனம்.
அதை வற்புறுத்தவில்லை.
பழுதில்லை என்று எழுதிவிட்டு
பேனாவை மூடினேன்.
கை நடுங்கியது;
எந்தக் குற்றத்தை எழுதும்போதும்
அப்படி நடுங்கியதில்லை.

சான்றிதழ் மழையில் வந்தது.
உறையைப் பிரிக்குமுன் முகர்ந்தேன்.
நனைந்த அட்டை.
இந்தத் தடவை சரி.

தொட்டியறையில் என் இரண்டாம் வாரம்.
நாலாம் தொட்டி,
ஜனவரித் திருவிழாவுக்கு இரண்டாயிரம் லிட்டர்.
வெண்ணெய், அதற்கடியில் ஒரு புளிப்பு.
காத்திருந்தால் போகிற வெண்ணெய் இல்லை இது,
கிருமி.
கிளெம்பாவ் ஒரு வாய் வைத்தார்,
இன்னொரு வாய்,
குழாய் வழியாகத்தான் வந்திருக்கும் என்றார்.
யார் கழுவியது?

சுவரில் தொங்கிய ஏட்டைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை.
அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஞாபகம் இருந்தது.
மகளுக்குக் காய்ச்சல்,
நாற்பது நிமிடம் ஓட வேண்டிய காரநீரை
இருபதில் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன்.
நான்தான் என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
குனிந்து வால்வைத் திறந்தார்.
பொன்னிறமாக, நுரைத்து நுரைத்து,
வடிகாலுக்கு அது போய்ச் சேர
வெகுநேரம் ஆயிற்று.
மீன்சந்தைப் பக்கம்
ஒரு கடற்சிங்கம் தும்மியது.

பிறகு ஆணியிலிருந்து
நீலக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.
நாற்பது நிமிடம்.
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.